வரி வாங்காத ஊர்

ராஜலட்சுமி தன் வீட்டு அடுப்படித் தொட்டியில் மத்தி மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அண்ணன் பிச்சைமுத்து. காப்பி குடித்து வெகுநேரமாகியும் எழுந்திருக்கவில்லை.

அவள் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை. நடவுப் பாட்டில் பெண்கள் பண்ணையாரை ஏசும் வசவுகளைத் தொகுத்து முனைவரானவள். அறந்தாங்கியில் ஒரு கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஆசிரியர் கூட்டத்தில் டீ ஊற்றச் சொன்னார்கள். “ஏன், சாருக்குக் கை சொகமில்லையா?” என்றாள். வாயாடி என்ற பேர் அன்றே நிலைத்தது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும் வீடுகளின் பத்திரத்தில் பெண்டாட்டி பேர் ஏன் இல்லை என்று எழுதியதற்கு, கல்லூரி வாசலிலேயே அவள் புத்தகத்தை எரித்தார்கள். மறுநாள் சாம்பலை மிதித்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டாள்.

இப்போது அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு; வரி கட்டியவருக்குத்தான் கோயில் காரியத்தில் பேச்சு. அவள் கொண்டுபோன வரியைக் கமிட்டித் தலைவர் தொடவில்லை. “நன்கொடையாக் குடு, வாங்கிக்கிறோம்” என்றார். அந்தத் தலைவர் இந்த அண்ணன்தான்.

“விழா மலருக்குக் கோயில் வரலாறு நீ எழுதுனாத்தான் நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க ஆத்தா.”

“எழுதறதுக்கு மட்டும் ஊர்க்காரியா?”

“எந் தலைக்கட்டுல ஒன்னையும் சேத்துத்தான இருக்கு.”

“ஒன் வீட்டு மாடுகன்னும் அதுலதான் இருக்கு.”

பிச்சைமுத்து சிரிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

“போன மாசம் கல்யாணமான ஒம் மகன் ஒரு தலைக்கட்டு. தாலி கட்டுன கையோட துபாய்க்கு ஏறிட்டான். இங்கயே கெடக்குற நான் இல்ல. அப்படித்தானே?”

“ஊர் வழக்கம். நான் ஒருத்தன் என்ன செய்ய?”

“வரியைத் தள்ளுனது ஊரா, நீயா? அப்பா செத்தப்ப ஒன் வீட்டு அடுப்பு எரிஞ்சது எஞ் சம்பளத்துல. அப்ப எந்த வழக்கத்தையும் காணோமே!”

அவர் காலி டம்ளரை நகர்த்தி வைத்தார்.

“கூட்டத்துல எந்திரிச்சு, எந் தங்கச்சி ஒரு தலைக்கட்டு, அவ வரிய வாங்குங்கன்னு சொல்லு. அன்னைக்கே எழுதித் தாரேன். சொல்லுவியா?”

பிச்சைமுத்து தொண்டையைச் செருமினார். “வெள்ளிக்கெழம அச்சுக்குப் போகணும். ரெண்டு பக்கம் போதும். எழுதிருவீல்ல?”

ராஜலட்சுமி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

“ஆத்தா, ஒன்னயத்தான் கேக்குறேன்!”

அவள் அடுப்படியை விட்டு வெளியே போனாள்.