புவியியல் டீச்சர் போட்ட கூழ் வத்தல்

இன்று திருமங்கலம் பஸ்ஸில் போகும்போது ஆஸ்திரேலியாவிலிருந்து என் மனைவி வீடியோவில் அழைத்தாள். ஒரு வருடப் பயிற்சிக்குப் போனவள். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

அழுதுகொண்டிருந்தாள்.

சித்திரை வந்துவிட்டதே என்று கூழ் காய்ச்சி வத்தல் போட்டிருக்கிறாள். அங்கே குளிர்காலம் தொடங்கப்போகிறது. மூன்று நாள் மழை. இன்று கொஞ்சம் வெயில் வந்ததும், கொண்டை வைத்த வெள்ளைக் கிளிகள் கூட்டமாக இறங்கி எல்லாவற்றையும் தின்றுவிட்டன.

"காக்காய்க்கு வைக்கிற மாதிரி கருப்புக் குடை விரிச்சு வச்சேங்க. அதையும் கிழிச்சுப் போட்டிருச்சுக. என்னால முடியலைங்க. வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா என்ன வேலை பாக்குறாகண்ணே?"

"புவியியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்குப் பருவகாலங்கள் பாடம் எடுப்பாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்ம ஊரு வெயிலையாவது காட்டுங்க" என்றாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, போனை ரோட்டுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தபடி நின்றேன். அழுகை நின்றது. வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் போன் சூடேறி அணைந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் சித்திரை வெயில் எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லவும். போன் ஆறியதும் அவள் முதலில் அதைத்தான் கேட்பாள்.