சூடு பார்க்கும் அழகுமலை

டீக்கடையில் கிளாசைக் கையில் வாங்கியதும் அழகுமலை குடித்துவிட மாட்டார். புறங்கையை அதன் மேல் ஒட்டி எடுப்பார். "இன்னும் ஒரு கொதி விட்டிருக்கணும்ணே" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் முதல் வாய். மலையிலிருந்து இறங்கி நிற்கும் ஜீப்பின் பானெட், வெயிலில் காயும் சைக்கிள் சீட்டு, புதிதாகப் பூசிய சுவர் என்று எதையும் தொட்டுப் பார்க்காமல் தாண்டிப் போக அவருக்கு மனசு வராது. பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்த அன்று வாசலில் வந்து கையைப் பிடித்துக் குலுக்கியவர், "சார், உங்களுக்குப் பித்தச் சூடு. மோரு நெறையா குடிங்க" என்றார். என் பெயரை அதற்குப் பிறகுதான் கேட்டார்.

போடிமெட்டுக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் அவருக்கு ஸ்டோர் வேலை. பறித்த பச்சை ஏலக்காயைக் காயவைக்கிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். தட்டுத் தட்டாகப் பரப்பிய காய் நிறம் மாறாமல் காய்ந்து வர வேண்டும். சூடு குறைந்தால் பூசணம் பிடிக்கும், கூடினால் வெடித்துவிடும். முதலாளி போன வருஷம் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டினார். அழகுமலை அதைத் தினமும் பார்க்கிறார். "அது ஒழுங்கா வேல பாக்குதான்னு நாமதான பாக்கணும் சார்." தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அவரைப் பிடிக்கும். தன் வேலையைப் பற்றி அலுத்துக்கொள்கிறவர்களோடு பேசிப் பேசி எனக்கே அலுத்துப் போயிருந்த நேரத்தில் கிடைத்தவர்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஸ்டோரின் பின்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் மேலே குளிர் எலும்பு வரைக்கும் போகும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து காய் பறிக்கப் போகிற பெண்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கம்பளியில் சுருட்டி அந்தச் சுவரோரம் கிடத்திவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்குவார்கள். அடுப்பில் விறகைத் தள்ளுகிற கையோடு அழகுமலை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நிற்கும், உடம்பு வேர்க்கும், பிள்ளை எழுந்து உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா கேட்கும். "லயத்துப் பிள்ளைகள்ல பாதி நான் காயவச்சு எடுத்த சரக்கு சார்" என்பார்.

சொந்தப் பிள்ளை பொன்னுமணி கீழே போடியில் தாயோடு இருக்கிறாள். மூன்று வயசு. தாய் சந்திரவல்லி ஏலக்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறாள். காய் எடுக்கிற பருவத்தில் அழகுமலை மலையிலேயே தங்கிவிடுவார். ஒரு எடுப்பு முடிந்து அடுத்த எடுப்பு தொடங்குவதற்குள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். அப்படி அவர் மேலே இருந்தபோதுதான், போன கார்த்திகையில் பொன்னுமணிக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. சந்திரவல்லி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்கு ஓடினாள். தகவல் மேலே போய் இவர் இறங்கி வருவதற்குள் பிள்ளை தெருவில் நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தது.

அதனால் அந்த நாளை அவர் பார்க்கவே இல்லை. "கண்ணு ரெண்டும் மேல செருகி..." என்று சந்திரவல்லி ஆரம்பித்தால் போதும், குறுக்கே விழுவார். "பச்சப்புள்ளைன்னா காய்ச்சல் வரத்தான் செய்யும். நான் இருந்திருந்தா அம்புட்டுத் தூரம் விட்டிருப்பனா?" என் காதுபடவே பல முறை இது நடந்திருக்கிறது. நாளடைவில் அவள் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

இந்த ஐப்பசியில் அவர் இறங்கி வந்திருந்தபோது, சந்திரவல்லியின் தங்கைக்குப் பிரசவ வலி கண்டிருப்பதாகச் சிலமலையிலிருந்து காலையில் ஆள் வந்தது. பொன்னுமணிக்கு அன்று விடிந்ததிலிருந்தே உடம்பு கதகதப்பாக இருந்தது. சந்திரவல்லி பையைக் கையில் வைத்துக்கொண்டு போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வாசலில் தவித்தாள்.

"மருந்து ஊத்திட்டேன். சூடு ஏறுச்சுன்னா சட்டையக் கழட்டிட்டு ஈரத்துணியால தொடச்சு விடுங்க. போத்தி வைக்காதீங்க. டாக்டரம்மா அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. விட்டா திரும்ப ஜன்னி வந்துருமாம்."

"யாருகிட்ட வந்து சூட்டப் பத்திச் சொல்ற? நீ பஸ்சப் பிடி வல்லி."

அவள், என் வாசலில் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஆனால் அழகுமலைக்குப் புத்தி சொல்லுகிற தைரியம் தெருவில் யாருக்கு இருக்கிறது?

மத்தியானம் அன்றைய பேப்பரைக் கேட்டு வாங்கப் போனேன். மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. ஜன்னல் இடுக்கில் கோணிச்சாக்கைத் திணித்திருந்தார். கதவைத் தள்ளி உள்ளே போனேன். முகத்தில் அனல் அடித்தது. மூலையில் மண்சட்டி நிறையக் கங்கு. நடுவில் பாய் மேல், மலையில் அவர் போர்த்துகிற கறுப்புக் கம்பளிக்குள் பொன்னுமணி. பக்கத்தில் இவர் சட்டை இல்லாமல், வேர்வை சொட்டச் சொட்டக் குந்தியிருந்தார். எஸ்டேட் ஸ்டோர்ச் சுவரை அப்படியே போடிக்குக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார் மனுஷன்.

"கதவச் சாத்துங்க சார், சூடு போகுது."

"பொன்னுமணி அம்மா வேற மாதிரியில்ல சொல்லிட்டுப் போனாங்க" என்றேன்.

"அவ பயந்தவ. வேர்வை ஒரு தடவ கொட்டுச்சுன்னா காய்ச்சல் தன்னால எறங்கும். எத்தன பிள்ளையப் பாத்துருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. பிள்ளையின் முகம் வேகவைத்த கிழங்கு மாதிரி சிவந்து கிடந்தது. உதடு உலர்ந்து வெடித்திருந்தது. கூப்பிட்டதற்கு அது கண்ணைத் திறக்கவில்லை. "டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போயிருவோம் அழகுமலை" என்றேன். அவர் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபடி கழுத்தில் வைத்தார்.

"இன்னும் வேர்க்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த நேரத்தில் கம்பளிக்கு வெளியே கிடந்த பிள்ளையின் கை விரல்கள் ஒரு வெட்டு வெட்டின. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. கம்பளியை உருவி வாசலுக்கு எறிந்தார். கங்குச் சட்டியைத் துண்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் கவிழ்த்தார். சாக்கைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தார். "கதவ விரியத் தொறங்க சார். பானையில தண்ணி இருக்கு, கொண்டாங்க, வெரசா." நான் மொண்டு வந்த தண்ணீரில் தன் வேட்டியையே கிழித்து நனைத்தார். பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டு நெற்றி, கழுத்து, அக்குள், பாதம் என்று ஒத்தி ஒத்தி எடுத்தார். நான் சொம்புத் தண்ணீரில் பாதியைப் பாயிலேயே சிந்தினேன். அவர் கை நிதானமாக வேலை பார்த்தது.

"மூட்டம் போட்டும் ஈரம் வெளிய வரலைன்னா கதவத் தொறந்துறணும் சார். சரக்கோட மல்லுக்கட்டக் கூடாது. ஸ்டோர்ல இதான் மொத பாடம்" என்றார். தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டிருக்கும்போதும் அடுத்தவனுக்கு வேலை சொல்லித் தருகிற குரல்தான். எனக்கு அந்த நேரத்தில் அந்தக் குரல் பெரிய ஆறுதலாக இருந்தது. அவரும் என்னைப் போலப் பயந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

விரல்கள் திரும்ப வெட்டவில்லை. துணி காயக் காய நனைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தின் சிவப்பு இறங்கியது. பொன்னுமணி கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. அவர் கஞ்சித்தண்ணியில் உப்பைப் போட்டு ஆற்றிப் புகட்டினார். பாதி குடித்துவிட்டு, "பன்னு" என்றது. "வாங்கித் தர்றேன் ஆத்தா, கட முழுசும் வாங்கித் தர்றேன்" என்றார். சாயங்காலம் ஆஸ்பத்திரி திறந்ததும் டாக்டரம்மாவிடம் தூக்கிப் போவது என்று பேசிக்கொண்டோம்.

வெயில் சாயும்போது சந்திரவல்லி வந்தாள். தங்கைக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், வாசலில் கிடந்த கம்பளியைப் பார்த்தாள். முற்றத்துக் கரியைப் பார்த்தாள். எனக்கு அங்கிருந்து நழுவிவிட்டால் போதும் என்றிருந்தது. பிள்ளை தூங்குகிறது, சூடு இறங்கிவிட்டது, ஒரு பொய் சொன்னால் முடிந்தது. அழகுமலை அந்தப் பக்கமே போகவில்லை.

"போத்தி வச்சுட்டேன் வல்லி. கங்கும் போட்டேன். வெரலு ஒரு தடவ வெட்டுச்சு. அப்புறந்தான் நீ சொன்னபடி செஞ்சேன்."

அவள் பையைப் போட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டாள். "கண்ணு செருகுச்சா?"

"இல்ல."

"வாயில நொர வந்துச்சா?"

"இல்ல வல்லி. வெரலு மட்டுந்தான்."

"சொல்லிட்டுத்தான போனேன்."

"சொன்ன. நான் கேக்கல."

அவள் பிள்ளையின் மார்பில் கையை வைத்து அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது உள்ளே அவர் குரல் கேட்டுத் திரும்பினேன். அழகுமலை வெறுந்தரையில் அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நீ தனியா எப்படிச் சமாளிச்ச? மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.

சந்திரவல்லி சொல்லத் தொடங்கினாள். கண் மேலே செருகியது என்ற இடம் வந்ததும் அவர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.