மண்டபம் நிறைய ஆள், கார் ஓட ஆளில்லை

இரண்டு கிழமைக்கு முதல், ஒரு திங்கட்கிழமை விடிய. சாமி அறையில் விளக்கேற்றிவிட்டுத் திருநீற்றுக்குக் கை வைக்கிறேன்... போன் அடிக்கிறது.

எங்கள் கழகத்துக்குக் கார் ஓடுகிற செல்வம் அண்ணையின் மனைவி.

"தங்கச்சி, இவர் காருக்கு மேல கிடந்த ஸ்னோவைத் தட்டப் போய் வழுக்கி விழுந்திட்டார். கை முறிஞ்சு போச்சுப் போல கிடக்கு. இண்டைக்கு இவரால ஓட ஏலாது."

திருநீறு பூசவே மறந்து பதறிவிட்டேன். செல்வம் அண்ணைக்காக மட்டும் இல்லை. கீழே லொபியில் பரமேஸ் அன்ரி வெளிக்கிட்டு வந்து, அவருடைய காருக்குத்தானே காத்துக்கொண்டு இருப்பா!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். எங்கள் சேவைக் கழகத்தின் முக்கியமான வேலை, துணையில்லாத வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போய் வருவது. பரமேஸ் அன்ரி வோபர்னில் எங்கள் அப்பாட்மென்றில்தான் இருக்கிறா. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். மகன் இருப்பது தூரத்தில், ஸ்ரௌவ்வில்லில். அவர் இருட்டோடு வேலைக்குப் போகிறவர்.

இதில் திங்கட்கிழமைதான் பொல்லாத நாள். வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி. உடம்பில் தண்ணீர் கட்டிவிடும், கால் வீங்கிவிடும், மூச்சு வாங்கும். என்ன நடந்தாலும் திங்கள் தவறக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை.

எங்கள் வீட்டில் ஒரு கார். அதை என்னவர் எடுத்துக்கொண்டு பிறம்ரனுக்கு வெயார்ஹவுஸ் வேலைக்குப் போய்விட்டார். வெளியே ஸ்னோ கொட்டு கொட்டென்று கொட்டுகிறது.

கீழே ஓடினேன். அன்ரி, பிடித்து நடக்கிற வோக்கரின் சீற்றில் இருக்கிறா. தடித்த கோட், மடியில் பை. கால் இரண்டும் சப்பாத்துக்குள் அடங்காமல் பிதுங்கி நிற்கிறது.

"எங்க செல்வம்?"

"வேற ஆரோ வருவினம் அன்ரி. இருங்கோ."

ரக்சிக்கு அடித்தேன். ஸ்னோ என்றபடியால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லுமாம். அதற்குள் அன்ரியின் முறை போய்விடும். உடனே கழகத்தின் வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன்: "அவசரம். பரமேஸ் அன்ரிக்கு ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி. செல்வம் அண்ணை விழுந்துவிட்டார். யாராவது உடனே வரமுடியுமா?"

அன்றைக்கென்று பார்த்துத் தலைவர் குலசிங்கம் அண்ணைக்குப் பிறந்தநாள்.

கேக் வருகிறது. ரோசாப்பூ வருகிறது. "பல்லாண்டு வாழ்க" வருகிறது. பூனை ஒன்று மெழுகுதிரி ஊதுகிறது. என் மெசேஜ் மேலே மேலே போய்... காணாமலே போய்விட்டது. திரும்பப் போட்டேன். ஒருவர் மட்டும் பார்த்துப் பதில் போட்டார். கைகூப்பும் படம், பக்கத்தில் "ஆண்டவன் துணை."

நான் கும்பிடாமல் வாயில் தண்ணீர் வைக்காதவள். ஆண்டவன் துணைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஆண்டவனிடம் கார் இல்லையே!

தலைவருக்கே அடித்தேன். லைன் பிஸி. வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்.

"ஏன் பிள்ளை உந்தப் போனை உருட்டிக்கொண்டு நிக்கிறாய்? உதுக்குள்ள இருந்தே கார் வரப்போகுது?" அன்ரி பகிடிதான் விட்டா. ஆனால் அந்த இரண்டு வசனத்துக்கு நடுவில் மூச்சு எடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அம்புலன்சுக்கு அடிப்போமா என்று யோசித்தேன். அப்போதுதான் நினைவு வந்தது... துளசி!

துளசி இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அடுத்த தெருவில்தான் வீடு. போன வருஷம் கழகத்தில் சேர்ந்து, கோடை முழுக்க அன்ரியை ஏற்றி இறக்கியவள். பிறகு ஏன் அவள் நினைவு எனக்கு முதலிலேயே வரவில்லை? போன மாதம் அவளைக் குறூப்பில் இருந்து எடுத்துவிட்டார்கள். தொடர்ந்து மூன்று மீற்றிங்குக்கு வராவிட்டால் பெயர் வெட்டுவது எங்கள் கழகத்தின் விதி.

அவளுக்கு அடித்தேன். "அன்ரி? எவ்ரிதிங் ஓகே?" நித்திரைக் குரல்.

சொன்னேன்.

"ஓகே, வாறன். அவவை வெளியில கூட்டிக்கொண்டு வந்திடாதேங்கோ, குளிர்."

வந்தாள். தலை வாரி இழுக்கவில்லை. கோட்டுக்குக் கீழே பூப்போட்ட பைஜாமா.

"இதென்ன பிள்ளை, படுக்கிற உடுப்போட ஆஸ்பத்திரிக்கு வாறாய்?" என்றா பரமேஸ் அன்ரி.

"அன்ரி, நீங்க ஆல்ரெடி லேற். ஃபாஷன் ஷோவைப் பிறகு வைப்பம்."

வழியில் கார் ஸ்னோவில் ஒருதரம் வழுக்கி இழுத்துக்கொண்டு போனது. பின் சீற்றில் இருந்து நான் கூப்பிடாத தெய்வம் இல்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தோம். நேர்ஸ் அன்ரியின் காலைப் பார்த்தா, கடிகாரத்தைப் பார்த்தா, தலையை ஆட்டிவிட்டு உள்ளே கொண்டு போனா. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே கதிரையில் இருக்கும்போது கேட்டேன். "ஏன் பிள்ளை மீற்றிங்குக்கு வராமல் விட்டனீர்?"

"வந்தனான் அன்ரி. முதல் மீற்றிங் முழுக்கப் பொன்னாடை போத்தினவை. அடுத்ததில போட்டோவுக்கு ஆர் நடுவில இருக்கிறதெண்டு சண்டை. பிறகு ஒருநாள் ரீ ட்ரேயைக் கையில தந்து, எல்லாருக்கும் குடு எண்டினம். ஆக்களை ஏத்தி இறக்கிற ரைட்ஸ் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. எனக்குக் கார் ஓட விருப்பம் அன்ரி. மீற்றிங்கில நாலு மணித்தியாலம் இருக்கத்தான் ஏலாது." பிறகு சொன்னாள்: "வெட்டினதைக்கூட ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருநாள் பாக்கிறன், குறூப்பைக் காணேல்லை."



இளம் பிள்ளைகள் பொதுவேலைக்கு வருகிறார்கள் இல்லை என்று நாங்கள் எத்தனை மேடையில் அழுதிருப்போம்? கோயில் வீதியில் எத்தனை தரம் பெருமூச்சு விட்டிருப்போம்? வராதவர்களைப் பற்றிப் பிறகு யோசிப்போம். வந்த ஒருத்தியை நாங்கள் என்ன செய்தோம்?

புதனும் வெள்ளியும் அன்ரியின் மகன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கொண்டுபோனார். "இனியும் லீவு கேட்டா, வராதை எண்டே சொல்லிப்போடுவாங்கள் அக்கா" என்றார். செல்வம் அண்ணை கையில் மாவுக்கட்டு. அடுத்த திங்களுக்கு ஆர்? வெட்டிவிட்ட பிள்ளையிடம் திரும்பவும் கேட்க எனக்கு முகமில்லை.

நல்லவேளை, ஞாயிறு மீற்றிங் இருந்தது. நல்லவேளை என்றுதான் போகும்போது நினைத்தேன்.

குத்துவிளக்கு ஏற்றினோம். தேவாரம் நான்தான் பாடினேன். மௌன அஞ்சலி. தலைமையுரை. உரை நடுவிலேயே கை தூக்கினேன்.

"அண்ணை, நாளைக்கு விடியப் பரமேஸ் அன்ரியை ஆர் கொண்டு போறது?"

"அது 'ஏனைய விடயங்கள்' எண்டதுக்குள்ள வரும் தங்கச்சி. முதல் செயலாளர் அறிக்கை."

இருந்தேன். அறிக்கை வாசித்தார்கள். போன மீற்றிங்கில் வாசித்த அறிக்கையை ஏற்றுக்கொள்வதா என்று விவாதித்தார்கள். எனக்கு அன்ரியின் கால்தான் கண்ணுக்குள் நிற்கிறது. 'ஏனைய விடயங்கள்' வரும்போது வடை வாசமும் வந்துவிட்டது. பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள்.

நான் துளசியின் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை இப்ப உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவை கழகத்தின்ர பேரில ஓடேலாது" என்றார் தலைவர்.

"அப்ப திரும்பச் சேர்ப்பம்."

"மூண்டு மீற்றிங் வந்து காட்டட்டும். ஒருத்திக்காக விதியை மாத்தினா, நாளைக்கு எல்லாரும் வீட்டில படுத்துக்கொண்டு நானும் உறுப்பினர்தான் எண்டுவினம். இது கழகமோ, ஊபரோ?"

மண்டபம் சிரித்தது.

குலசிங்கம் அண்ணை கெட்டவர் இல்லை. இந்தக் கழகத்தைத் தொடங்கியதே அவர்தான். புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களுக்கு அரிசி மூட்டையைத் தன் தோளில் தூக்கிப் படியேறிய மனிதர். அந்த நாளில் மீற்றிங்குக்கு வந்தவர்கள்தான் வேலைக்கும் வந்தார்கள். அதனால் அந்த விதி சரியாகவும் இருந்தது. இப்போது மீற்றிங்குக்கு வருவது ஒரு கூட்டம், வேலை செய்யக்கூடியது வேறு கூட்டம். விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் ஊரில் ஓ.எல். சோதனை வரைதான் படித்தவள். சபையில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. முருகா என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"சரி அண்ணை. விதிப்படியே போவம். இதில இருக்கிற எல்லாரும் உறுப்பினர். நாளைக்கு விடிய ஆர் ஓடுறியள்? கையைத் தூக்குங்கோ."

சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு கை இல்லை. வரவு குறையாத ஆட்கள் முப்பது பேர். ஒரு கை இல்லை.

"எனக்குக் கண்ணில கற்றரக்ற் ஒப்பரேசன் கிடக்கு..."

"ஸ்னோவுக்க நான் கார் எடுக்கிறேல்லை..."

"மகன் இன்சூரன்ஸில இருந்து என்ர பேரை எடுத்துப்போட்டான்..."

தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கடைசியில், "நான் ஓடுறன்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் இருந்து அவருடைய மனைவி எழும்பினா. "நீங்களோ? போன கிழமை கராஜ் கதவை இடிச்சது ஆர்? பரமேஸக்காவைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விடப்போறியளோ, நீங்களும் சேர்ந்து படுக்கப்போறியளோ?"

வேறு நாளாக இருந்தால் சிரிப்பில் கூரை பறந்திருக்கும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை மெல்லக் கதிரையில் இருந்தார். வடைத் தட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தப் பிள்ளையின்ர நம்பரைத் தாங்கோ" என்றார் தலைவர்.

தன் போனில் அடித்தார். அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தார். எடுக்கவில்லை.

"கோபமோ?"

"தெரியாத நம்பரை அதுகள் எடுக்காதுகள் அண்ணை."

"ஒரு வருஷம் எங்களோட இருந்த பிள்ளை. என்ர நம்பர் தெரியாதோ?"

"அவளின்ர நம்பர் உங்களிட்டையும் இருக்கேல்லையே அண்ணை."

வாயை விட்டு வந்துவிட்டது. நான் என் போனில் அடித்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். உடனே எடுத்தாள்.

"அன்ரி! பரமேஸ் அன்ரி ஓகேயா?"

வணக்கம் இல்லை. எப்படிச் சுகம் இல்லை. கழகத்தில் இருந்து வெட்டப்பட்ட பிள்ளையின் முதல் கேள்வி அதுதான். அந்த மண்டபத்தில் அன்றைக்கு ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

தலைவர் போனுக்குக் கிட்டக் குனிந்தார். "மகள்... நான் குலசிங்கம் அங்கிள் கதைக்கிறன். நாளைக்கு அன்ரியைக் கொண்டுபோக ஆள் இல்லை."



"திங்கள் நான் ஓடுவன் அங்கிள். புதன், வெள்ளி எனக்கு வேலை. என்ர ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரைக் கேக்கலாம். அவை ஓடுவினம், பட் மீற்றிங்குக்கு வரமாட்டினம். அவையையும் வெட்டுவியளோ?"

நான் குலசிங்கம் அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை, விதி விதிதான் என்று ஒரு சொல் வந்தால் முடிந்தது. அன்ரியும் முடிந்தது, கழகமும் முடிந்தது.

"இல்லை மகள்" என்றார். "ஓடுற ஆக்களை வெட்டுறேல்லை." பிறகு செயலாளரைப் பார்த்து, "இதையும் எழுதிக்கொள்ளும்" என்றார்.

அடுத்த நாள் அன்ரி நேரத்துக்கே போய்ச் சேர்ந்தா.

இப்போது என்ன மாறியிருக்கிறது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. கார் ஓட்டத்துக்கென்று தனிக் குறூப். அதில் வாழ்த்து, பூ, பூனை ஒன்றும் போடக்கூடாது. சாமி படமும் கூடாது என்று சொன்னது நான்தான்! சாமியைச் சாமி அறையில் கும்பிடலாம். மாதத்தில் ஒரு விடியல் தரமுடிந்தவரும் முழு உறுப்பினர். மீற்றிங் மூன்று மாதத்துக்கு ஒருக்கால், ஒரு மணித்தியாலம். வரமுடியாதவர்கள் வீட்டில் இருந்தே போனில் சேரலாம். தேவாரத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. செல்வம் அண்ணை மாவுக்கட்டோடு இருந்துகொண்டு, முதல் நாளே ஓட்டக்காரருக்கு அடித்து நினைவுபடுத்துகிறார். கார் ஓட முடியாதவர்களுக்கும் கழகத்தில் வேலை இருக்கிறது, கொடுத்தால்.

எல்லோருக்கும் சந்தோஷம் என்று பொய் சொல்லமாட்டேன். கழகத்தைக் குழப்பிவிட்டேனாம். வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு அக்கா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டா. திருப்பிய பக்கத்தில் பிள்ளையார் இருந்தார், பரவாயில்லை.

துளசியின் சிநேகிதர்கள் இரண்டு பேர் இப்போது ஐந்து பேராகிவிட்டார்கள். எங்கள் தலைவரின் பெயரைக் கேட்டால் அதில் பாதிப் பேருக்குத் தெரியாது. கீழ்வாசலில் அடிக்கிற பரமேஸ் அன்ரியின் பஸர் நம்பர் ஐந்து பேருக்கும் மனப்பாடம்.