படகில் கரை கடந்த பாலப் பேராசிரியர்

பேராசிரியர் ஏகாம்பரம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலமானார் என்ற செய்தி, நான் ஓவர்சியராக இருக்கும் ஆபீசுக்குக் காலையிலேயே வந்துவிட்டது. சொன்ன பியூன் அழுதார். எனக்கு முதலில் தோன்றியது ஒரே கேள்விதான்: உடலைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எப்படிக் கொண்டுபோவார்கள்?

அவர் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பத்தை ஒட்டி இருக்கிறது. குறுக்கே பக்கிங்காம் கால்வாய். பாலம் கிடையாது. பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் அவர் சட்டசபைக்கே போனார்.

அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன், புகழ்மாலை வேண்டாம். வெள்ளைக்காரன் ஊர் திரும்ப விடாததால் பல வருஷம் ஜெர்மனியில் பாலக் கட்டுமானம் கற்பித்தவர். சுதந்திரம் வந்ததும் திரும்பினார். ரயிலடியில் கட்சிக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். அடுத்த வண்டியிலேயே அவர் திரும்பிப் போயிருந்தால் எங்கோ ஒரு நல்ல எஞ்சினீயர் மிஞ்சியிருப்பார்.

முதல் வருஷம் எஞ்சினீயராகத்தான் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகி இறக்குவோம். கெட்டி மண் தட்டும்வரை விடமாட்டார். "மேடையில மனுஷன் பொய் சொல்லுவான் தம்பி, மண்ணு சொல்லாது" என்பார். வடக்கே மணல்மேட்டருகே கம்பி சீக்கிரமே நின்றது. "பாலம் இங்கதான்" என்றார்.

தேர்தல் வந்தது. கட்சியின் பெரிய புள்ளியான மிராசுதாருக்குத் தெற்கே தோப்பு. பாலம் தோப்பு வாசலில்தான் இறங்க வேண்டும் என்றார் மிராசுதார். அங்கே கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சொன்னேன். "இப்ப அடிக்கல்தானேப்பா? ஜெயிச்சப்புறம் எடத்தை மாத்திக்கலாம்" என்றார் பேராசிரியர். மேடை தயார், மைக் தயார். மாமல்லபுரத்துச் சிற்பி வெட்டிய கருங்கல்லில் அவர் பெயர் பெரிய எழுத்தில்.

ஜெயித்தார். ஐப்பசி மழையில் கல் சாய்ந்து பாதி புதைந்தது. படகுக்காரர் கன்னியப்பன் நடுக்கால்வாயிலிருந்து கத்தினார்: "இன்னா வாத்தியாரே, கல்லே நிக்கல, பாலம் எப்டி நிக்கும்?"

படகிலிருந்த மீன்காரி ஒருத்தி, "கம்முனு வா அண்ணாத்த, மந்திரி வந்தா அதுவே எழுந்துக்கும்" என்றாள்.

அப்படியேதான் நடந்தது. மந்திரி பார்வையிட வருகிறார் என்றதும், கல்லுக்கு அடியில் பனந்துண்டு கொடுத்து நிமிர்த்தச் சொன்னவர் பேராசிரியரேதான். துண்டுகளை எப்படி அடுக்குவது என்று படமும் போட்டுக் கொடுத்தார். ஜெர்மனிப் படிப்பெல்லாம் ஒரு மத்தியானத்துக்கு ஒரு கல்லைத் தாங்கிப் பிடித்தது. இடத்தை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். "மிராசுதாரைப் பகைச்சுக்கிட்டு அடுத்த தடவை எப்படிப்பா நிக்கறது?" என்றார். அன்றோடு அவர் வீட்டுக்குப் போவதை விட்டேன்.

சவ ஊர்வலம் கால்வாய்க் கரையில் வந்து நின்றது. கன்னியப்பன் மீன்கூடைகளை இறக்கிவிட்டுப் படகைக் கழுவினார். கொடி போர்த்திய உடல் முதலில் போயிற்று. தலைவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த நடைக்கு முண்டினார்கள். "தள்ளாதீங்க நைனா, இது இன்னா பாலமா? கவுந்துடும்!" என்று கன்னியப்பன் அதட்டினார். பக்கத்திலேயே அந்தக் கல். பெயரில் முதல் எழுத்து மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தது.

அக்கரையில் இரங்கல் கூட்டம். பாலத்துக்குப் பேராசிரியர் பெயரையே வைப்போம், புது அடிக்கல்லும் உடனே நடுவோம் என்று மிராசுதார் அறிவித்தார். அதே தோப்பு வாசலில். கை தட்டினார்கள். இழவு வீட்டில் கை தட்டுகிற கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

பேராசிரியரின் கம்பி என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மற்றதைக் கட்சி எடுத்துக்கொள்ளட்டும். அவர்கள் கல் நடும் நாளில், மேடைக்கு முன்னாலேயே அந்தக் கம்பியை இறக்கப் போகிறேன். பேராசிரியர் மேல் நிஜமாகவே மதிப்புள்ளவர் யாராவது இருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். அதை ஒற்றை ஆளால் திருக முடியாது.