இரண்டும் பெண் என்று நான் சொன்னேன்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. மீன் தொட்டி என்று நினைத்துக் கிட்டே போகிறவர்கள் பதறிப் பின்வாங்குவார்கள். உள்ளே இருப்பது ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாம்பு. கார்ன் ஸ்னேக் என்பார்கள். வெளிநாட்டு வகை, விஷம் கிடையாது, முறைப்படி பதிவு செய்துதான் வளர்க்க வேண்டும். சென்னையில் வேலை பார்த்தபோது என் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் நானும் மகனும் பாம்பும் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டோம்.

அது பெண் என்பது வாங்கும்போதே உறுதியாகத் தெரியும். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை இரண்டாவது பாம்பால் வந்தது. அதைக் கொண்டுவந்தவள் நான்.

என் மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். ஒரே பிள்ளை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட அதைத்தான் கேட்பார். "ஒன்னே ஒன்னுதானா? ஒத்தப் புள்ளையா வளக்காத தாயி, பின்னாடி ஏங்கிப் போயிரும்." நானும் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று நினைத்துக்கொள்வேன். முதல் பிரசவத்தில் பட்டது நினைவுக்கு வரும். அவர் ஊரில் இல்லாதது நினைவுக்கு வரும். வேண்டாம் என்று முடிவு செய்தேனா, வேண்டும் என்று காத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் மாலை மகன் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவன் தொட்டியைப் பார்த்து, "அம்மா, அது எப்பவும் தனியாவே இருக்குல்ல?" என்றான். சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கிவிட்டான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த மாதமே, வெளிநாடு போகிற ஒரு குடும்பம் தங்கள் பாம்பைக் கொடுக்க ஆள் தேடுவது தெரிந்து, பத்திரங்களோடு வாங்கி வந்தேன். முதலாவதைவிடச் சிறியது, கொஞ்சம் வெளிறிய நிறம். "ஃபீமேல்னுதான் சொன்னாங்க, நாங்க செக் பண்ணல" என்றார்கள். மகன், "தங்கச்சி!" என்று குதித்தான். அப்போதிருந்து பழையது பெரியவள், புதியது சின்னவள்.

நான் விலங்கியல் படித்தவள். பெரியவளையும் சின்னவளையும் ஒரே தொட்டியில் விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிற அறிவு எனக்கு இருந்தது. பாம்பின் கழிவுத் துவாரத்துக்குக் கீழேதான் வால் தொடங்குகிறது. ஆணுக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம் பருமன் குறையாமல் போய் அப்புறம்தான் சிறுக்கும்; வாலும் நீளம். பெண்ணுக்கு உடனே சிறுத்துவிடும், வால் குட்டை. இரண்டும் உரித்த சட்டைகளை மேசைமேல் நீட்டிப் போட்டு, ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒரு பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. இன்னொரு பார்வைக்குச் சின்னவளின் வால் அதன் உடம்புக்குக் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. சட்டை உரியும்போது இழுபட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

அரிமளத்திலிருந்து அம்மா வந்திருந்தாள். பாம்புக்குத் தீனியாக எலிகளை உறைய வைத்திருக்கும் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றே எட்டிப் பார்த்தாள்.

"இதுல எது சாரை, எது நல்லது?"

"ரெண்டும் இல்லம்மா. இது வேற."

"சாரைதான்டி ஆம்பள, நல்ல பாம்பு பொம்பள. இதுகூடத் தெரியாம என்ன காலேசுல படிச்ச?"

"அதெல்லாம் வேற வேற பாம்பும்மா. ரெண்டுலயும் ஆணும் இருக்கு, பொண்ணும் இருக்கு."

"அப்ப இதுல மொத்தமா இருக்கறதுதான் ஆம்பள. பாத்தாலே தெரியுது."

"அதுதாம்மா பொண்ணு!"

"எதையாவது சொல்லு." முந்தானையை உதறிக்கொண்டாள். "பாம்புக்குத் தொணை தேடுறா. பெத்த புள்ளைக்குத் தேட மாட்டேங்குறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் பஸ் ஏறிய பிறகு குளியலறையில் போய் அழுதேன்.

திருச்சியில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார். போனில் கேட்டதற்கு, "ரெண்டையும் கொண்டாங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். "மெல்லிசா ஒரு கம்பிய வால் பக்கமா உள்ள விட்டுப் பாப்போம். ஆணுன்னா தூரமாப் போகும். பொண்ணுன்னா கொஞ்சத்துலயே நின்னுரும்." கம்பி என்ற சொல்லைக் கேட்டதும் சின்னவள் இருந்த டப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். புது இடத்துக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஜீவன். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். போகவில்லை. மகனிடம், "ரெண்டும் பொண்ணுதான்" என்று சொல்லி, சின்னவளைப் பெரியவளின் தொட்டியில் விட்டேன்.

வீடியோ காலில் பார்த்த கணவர் திட்டினார். "ஏம்மா ஒன்னாப் போட்ட? அதுங்களுக்குக் கூட்டாளியெல்லாம் வேண்டாம்."

"ஒன்னு மேல ஒன்னு சுத்திக்கிட்டுத் தூங்குதுங்க. எவ்வளவு பிரியமா இருக்கு பாருங்க."

"அது பிரியம் இல்ல. சூடா இருக்கிற எடத்துக்குப் போட்டி."

ஊரில் இல்லாதவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன்.

சில மாதம் கழித்துப் பெரியவள் எலியைத் தொடுவதை நிறுத்தினாள். உடம்பின் பின்பாதி கனத்துத் தெரிந்தது. ஆண் துணை இல்லாமலே சில சமயம் பெண் பாம்பு முட்டையிடும், அவை பொரியாது என்று படித்திருந்ததால், ஈரமான தென்னை நார்த்தூள் நிரப்பிய டப்பா ஒன்றை உள்ளே வைத்தேன். ஒரு திங்கட்கிழமை மகனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், டப்பாவுக்குள் முட்டைகள். வெள்ளையாக, நீளவாக்கில், ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு கொத்து. ஒன்று மட்டும் ஒட்டாமல் தள்ளிக் கிடந்தது.

பொரியாத முட்டைகள்தானே என்று தூக்கிப் போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. டப்பாவோடு எடுத்து அடுப்படியில் கீழ் அலமாரியில் ஒளித்து வைத்தேன். மகனிடம் சொல்லவில்லை. சில நாள் கழித்து, அவன் பள்ளியில் இருக்கும்போது, ஜன்னலை மூடிவிட்டு செல்போன் டார்ச்சை ஒரு முட்டைமேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே ரோஜா நிற வெளிச்சம். அதில் சிவப்பாக, நூல் நூலாக ரத்த நாளங்கள். இன்னொரு முட்டை. அதிலும். சின்னவள் பெண் இல்லை.

இரண்டையும் தனித்தனித் துணிப்பையில் போட்டு, பெட்டிக்குள் வைத்து, ஒரு காரைப் பிடித்துத் திருச்சிக்குப் போனேன். எந்த வேலைக்குப் போக மாட்டேன் என்று தள்ளிப் போட்டேனோ அது நிஜமாகவே இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. சின்னவளின் வால் பக்கம் கம்பி சறுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அது நாக்கை மட்டும் நீட்டி நீட்டி எடுத்தது. வலித்த மாதிரியே தெரியவில்லை.

"ஆண்தான்" என்றார் டாக்டர் அம்மா. "முட்டைய என்ன பண்ணப் போறீங்க?"

சின்னவளைத் துணிப்பைக்குள் விட்டுக் கட்டினேன். அவரே சொன்னார். பொரிக்க வைத்தால் இரண்டு மாதத்தில் குட்டிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, வாராவாரம் குட்டி எலி. எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும், கண்டவர்களுக்குக் கொடுக்க முடியாது. நம் மண்ணின் பாம்பு இல்லை என்பதால் காட்டில் விடவும் கூடாது. வேண்டாம் என்றால் ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வளர்ப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

"ஆனா செய்யிறதா இருந்தா போட்ட அன்னைக்கே செஞ்சிருக்கணும். அப்ப அதுல ஒன்னுமே இருக்காது. இப்பவும் அதுக்கு வலி தெரியாதுன்னுதான் சொல்லுவோம். இனிமே தள்ளிப் போடாதீங்க."

ஊர் திரும்பும்போது கணவருக்குப் போன் செய்தேன். டாக்டர் அம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒன்னால எத்தனைய பாத்துக்க முடியும்னு ஒனக்குத்தான தெரியும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

மகன் வேன் வர இன்னும் நேரம் இருந்தது. கொத்தாக இருந்ததை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன். கையில் எடுத்தபோது அவை மிருதுவாக இருந்தன. கோழி முட்டை மாதிரி ஓடு கிடையாது. ஃப்ரீசரில் எலி டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினேன். தள்ளிக் கிடந்த அந்த ஒன்றை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை. அது மட்டும் தனியாக இருந்தது, அவ்வளவுதான். அன்றே சின்னவனை வேறு தொட்டிக்கு மாற்றினேன். பெரியவள் மறு வாரமே எலியைத் தின்றாள். தொட்டியின் சூடான மூலையில் நீண்டு படுத்துக்கொண்டாள். அவள் அப்படிப் படுத்து நான் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

மகனுக்கு அந்த ஒரு முட்டையைக் காட்டினேன். இரண்டு மாதமும் தினமும் பள்ளி விட்டு வந்ததும் சாக்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடினான். பொரிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. முட்டைத் தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு சின்ன ஆரஞ்சு மூக்கு வெளியே வந்தது.

"அம்மா, இது பாயா கேர்ளா?"

"தெரியலடா. திருச்சி டாக்டர்கிட்ட கேட்டுத்தான் சொல்லணும்."

"நீங்க வாலப் பாத்துச் சொல்லுவீங்கள்ல?"

"அம்மாவுக்குச் சரியாப் பாக்கத் தெரியல."

அவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "பெரியவ ஒன்னே ஒன்னுதான் போட்டுச்சா?"

"ஆமா" என்றேன்.

"அப்ப என்ன மாதிரி!" முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, இதுக்குத் தொணைக்குன்னு யாரையும் வாங்கிட்டு வராதீங்க, சரியா? அந்தச் சின்னது எப்பப் பாத்தாலும் பெரியவ மேலயே ஏறிப் படுத்துக்கிச்சு. பாவம். முன்னாடி தனியா இருந்தப்ப ஜாலியா இருந்துச்சு."

முன்பு ஒரு மாலை ஹோம்வொர்க் எழுதும்போது அவன் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். எப்பவும் தனியாவே இருக்குல்ல. எந்தக் குரலில் சொன்னான் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

"குட்டி பொறந்துச்சுல்ல, ஐஸ்கிரீம் சாப்புடலாம்மா" என்று எழுந்து ஃப்ரிட்ஜை நோக்கி ஓடினான். டிபன் பாக்ஸ் இன்னும் அங்கேதான் இருந்தது. தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் நாளைக்கு என்று விட்டிருந்தேன். அவன் கை கைப்பிடியில் படுவதற்குள் நான் போய்க் கதவை மறைத்து நின்றேன்.

"நீ உக்காரு சாமி. அம்மா எடுத்துத் தாரேன்."