பூட்டிய கடைக்குள் பகவதியப்பன்

நம்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஜனங்கள் நடமாடும் கடைத்தெருவில்.

மலையைக் குடைந்து வரும் சுரங்கச் சாலைக்காகப் பாதித் தெருவை ஏற்கெனவே இடித்துவிட்டார்கள். மிச்சம் நின்ற பழைய கட்டடங்களில் ஒன்று முத்துநாயகத்தின் பாத்திரக்கடை. அதே ஓட்டுக்கூரையின் கீழ், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், அவர் அண்ணன் பகவதியப்பனின் பலசரக்குக் கடை. இருவரும் சம்மதித்தால்தான் கட்டடத்தை எடுக்க முடியும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். "உயிர் போனாலும் குடுக்காண்டாம்" என்று அண்ணனும் தம்பியும் அப்பா படத்தின் முன்னால் சத்தியம் செய்திருந்தார்கள்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பதினாறு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடை பூட்டியே கிடந்தது.

அன்று பகல் 11.50. அண்ணன் மகன் சஜின் போன் செய்தான்.

"சித்தப்பா, அப்பா சம்மதப் பத்திரத்துல கைநாட்டு வச்சாச்சு. நீங்களும் வச்சிருங்க."

"எப்பம்லே வச்சாரு?"

"இப்பத்தான். பதினொண்ணரைக்கு."

முத்துநாயகம் பட்டென்று போனை வைத்தார். கூடப்பிறந்தவரே கழுத்தறுத்துவிட்டாரே! ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

12.05. பக்கத்துக் கடையில் சத்தம்.

டக்...

வாசலை அடைக்கும் நிரைப்பலகையைக் கழற்றும் சத்தம். அண்ணன் தினமும் அப்படித்தான் கடை திறப்பார். மொத்தம் ஏழு பலகை.

டக்... டக்... ஏழும் கேட்டது.

வெளியே போய்ப் பார்த்தார். பூட்டு தொங்கியது. ஒரு பலகைகூட அசையவில்லை.

தன் கடைக்குள் திரும்பினார். அவருடைய ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

படுத்த படுக்கையானவர் எப்படி வந்தார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அத்தனை கோபம்.

"சதிச்சிட்டியளே அண்ணே!"

"நான் வைக்கல்ல மக்கா."

வாய் அசையவில்லை... குரல் மட்டும் சுவருக்குள்ளிருந்து வந்தது.

"பொய்! எனக்க மொகத்துல முழிக்காதீங்க. போங்க!"

அண்ணன் எழுந்தார். காலடிச் சத்தம் இல்லை.

நடுச்சுவரை நோக்கி நடந்தார்...

நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்... டக்...

டக்...

பலகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மணி 12.14.

முத்துநாயகம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அண்ணன் கட்டில் காலியாக இருந்தது.

"உங்களுக்கெல்லாம் அப்பவே சொல்லியாச்சுன்னு மகன் சொன்னாரே!" என்றாள் நர்ஸ் செல்லபாய்.

பிணவறையில் துணியை விலக்கினாள். இடது பெருவிரலில் நீல மை. காலில் கட்டியிருந்த சீட்டில், இறந்த நேரம் எழுதியிருந்தது.

காலை 8.40.