மோடத்துக்கு வந்த போன்

விழுப்புரத்தில் ஒரு விதை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் கலைப்பிரியா. திண்டிவனம் கிடங்கின் ரௌட்டரும் அவர் பொறுப்புதான். மாதத்துக்கு இரண்டு முறையாவது அது மக்கர் பண்ணும். இன்டர்நெட் போய்விட்டால் விழுப்புரத்திலிருந்து அதைத் தொட வழியில்லை. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய், நான்கு வரி தட்டிவிட்டுத் திரும்புவார்.

கிடங்கில் ஒரு லேண்ட்லைன் சும்மா கிடந்தது. அதில் ஒரு மோடத்தைப் பொருத்தி ரௌட்டரோடு இணைத்தால், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் போன் வழியாக உள்ளே போகலாமே என்று அவருக்குத் தோன்றியது.

"செஞ்சி பாரும்மா" என்றார் மேலாளர் சீனுவாசன்.

திங்கட்கிழமை போய் மாட்டினார். போன் இரண்டாவது முறை மணியடித்ததும் மோடம் தானே எடுக்கும்படி வைத்து, பாஸ்வேர்டும் போட்டுவிட்டு வந்தார். செவ்வாயும் புதனும் விழுப்புரத்தில் தன் கணினியோடு இணைத்த இன்னொரு மோடம் வழியாக டயல் செய்து பார்த்தார். இணைப்பு கிடைக்கவேயில்லை. வியாழக்கிழமை மறுபடி பஸ் ஏறினார்.

கேபிள், மோடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. துடைப்பத்தோடு வந்தார் கிடங்கைப் பெருக்கும் கெங்கம்மாள்.

"எவனோ ரெண்டு நாளா போன் பண்ணிக்கினே கீறான்மா. எடுத்தா கீக் கீக்குனு கத்துறான். ஒரே பேஜாரு."

கலைப்பிரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யோ அக்கா, அது நான்தான்! எத்தினாவது மணியில எடுப்பீங்க?"

"மொத மணியிலியே. ஆபீஸ் போனாச்சே, ஓடியாந்து எடுத்துருவேன்."

அதே லைனில் மேசைமேல் இருந்த போனை மட்டும் கலைப்பிரியா கழற்றினார். தன் செல்லிலிருந்து டயல் செய்தார். இரண்டாவது மணிக்கு மோடம் கிரீச்சிட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அன்றுவரை கேட்டதில்லை என்று பிறகு வீட்டில் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, நல்ல மழையில் ரௌட்டர் நின்றது. விழுப்புரத்தில் உட்கார்ந்தபடியே டயல் செய்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஆறே நிமிடத்தில் கிடங்கு பழையபடி ஓடியது.

"அதுக்குள்ளயா? ஜல்தியா முடிச்சிட்டியே!" என்றார் சீனுவாசன். அன்று முழுக்கக் கலைப்பிரியாவுக்கு மனசு லேசாக இருந்தது.

அதன்பின் திண்டிவனம் போக வேலையே வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கெங்கம்மாள் செல்லில் கூப்பிட்டார்.

"என்னாமா, ஆளையே காணோம்? நாளைக்கு மல்லாட்டை அவிக்கிறேன், வர்றியா?"

"வர்றேன்கா."

சனிக்கிழமை மதியம் போனார். கிடங்கு வாசலில் உட்கார்ந்து இருவரும் அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றார்கள். ரௌட்டர் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.